அந்நிய விமானமும் நம்மவர் நம்பிக்கையும்

ஆகாய விமானம் என்றதும் நம்மவர் பலர்க்கு இராவணேசுவரனின் புஷ்பக விமானமே முதலில் நினைவுக்கு வரும். அது குபேரனிடமிருந்து பறித்துக்கொள்ளப்பட்டது என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆக, இலங்கைக்கு வந்த முதல் விமானமும் பிறர் செய்தது, பிறரிடமிருந்து வந்தது! இதிகாச காலத்தில் விமான சாஸ்திரம் இருந்ததா, இல்லையா என்ற வாதத்தில் இறங்க எனக்கு விருப்பமில்லை. பிற நாட்டார் செய்து விற்கும் விமானத்தில் ஒரு நாட்டு மக்கள் எதை நம்பி ஏறுகின்றனர், அந்த நம்பிக்கை எதனால் குலைகின்றது என்பதே இங்கு நான் ஆராய எடுத்துக்கொண்ட விஷயம். இதற்கு நம் புத்தளம் பகுதியிலிருந்தே தொடங்கலாம்.

தலவிலையிலிருந்து புத்தளத்திற்குச் செல்வோர் பாலாவியைத் தொட்டே போகவேண்டும். அன்னம்மாள் ஆலயத் திருவிழாவுக்கு வரும் யாத்திரிகர்களும் பாலாவியிற் பிரிந்தே இங்கு வருகின்றனர். அங்குள்ள விமானத்தளம் இரண்டாவது உலக மகாயுத்த காலத்தில் ஆங்கிலேயர் அமைத்தது. பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவினர் அதற்கு இட்ட பெயர் ‘ராஜாளியா’ என்பதாகும். நாம் இராஜாளி என்னும் பறவையைச் சிங்களவரும் ஏறக்குறைய அப்பெயராலேயே அழைக்கின்றனர் என்பது கவனிக்கத்தக்கது. அத்தளத்தில் விமானங்களை இழுத்துச்செல்ல யானைகளைப் பயன்படுத்தினர். அக்காலத்துப் புகைப்படங்களில், மடித்த சிறகுகளோடு நிற்கும் ஒரு போர் விமானத்தை யானை இழுத்துப் போவதை இன்றும் காணலாம்.

அந்தப் போர் விமானத்தின் பெயர் கோர்ஸெயர். அமெரிக்காவில் வோட் கொம்பனியார் செய்தது. அதை முதலில் நம்பாதவர்கள் அமெரிக்கரேயாவர். 1942இல் விமானந்தாங்கிக் கப்பலில் இறக்கிப் பரீட்சித்தபோது, நீண்ட மூக்கு விமானியின் பார்வையை மறைத்தது. இறங்கும் தருணத்தில் இடது சிறகு திடீரெனச் சரிந்தது. சக்கரங்கள் தளத்திற் பட்டதும் பந்துபோலத் துள்ளின. கப்பலுக்கு இது உதவாது என்று ஒதுக்கி, தரையிலிருந்து போர் புரியும் மரைன் படையினருக்குக் கொடுத்துவிட்டனர். பிரித்தானியரோ, தமக்கு வேறு நல்ல கப்பல் விமானம் போதாமையால், கடன்-குத்தகைத் திட்டத்தின்கீழ் இரண்டாயிரம் அளவில் அதனைப் பெற்றுக்கொண்டனர். தம் கப்பல்களின் உட்கூடம் உயரம் குறைந்ததாகையால் ஒவ்வொரு சிறகின் நுனியிலும் சுமார் 8 அங்குலம் வெட்டினர். நேராக வந்து இறங்காமல் வளைந்து வந்து, கடைசிக் கணம்வரை தளத்தைப் பார்த்தபடியே இறங்கப் பழகினர். 1944 ஏப்ரலில், திருகோணமலையிலிருந்து சென்ற கப்பற்படையின் கோர்ஸெயர்கள் சுமாத்திராவின் சபாங் துறையைத் தாக்கின. அவ்வாண்டிலேயே அமெரிக்கக் கடற்படையும் தான் ஒதுக்கிய விமானத்தைக் கப்பலுக்கு ஏற்றதென ஒப்புக்கொண்டது.

இதில் ஒன்று தெளிவாகிறது. விமானத்தின் குறை என்னவென்று முதலிலேயே வெளிப்பட்டிருந்தது. குறை தெரிந்தமையாலேயே அதற்கேற்ற பரிகாரமும் தேட முடிந்தது. ஆயினும் படைவீரனுக்குக் கட்டளையிட்டால் ஏறித்தான் ஆகவேண்டும். பணங் கொடுத்து ஏறும் பிரயாணிக்கு அந்தக் கட்டாயமில்லை. அவனுடைய நம்பிக்கையை வேறு விதமாகவே சம்பாதிக்கவேண்டும்.

யுத்தம் முடிந்ததும் டக்கோட்டா வந்தது. அமெரிக்க டக்ளஸ் கொம்பனியின் டி.சி. 3 என்னும் இவ்விமானம் 1935 டிசெம்பரில் முதன்முதலாகப் பறந்தது. யுத்தத்திற்கென அவ்வினத்தில் பதினாயிரத்துக்கு மேற்பட்டவை செய்யப்பட்டன. சமாதானம் வந்தபின் அவை மலிவாகச் சந்தைக்கு வந்தன. எயார் சிலோன் ஸ்தாபனம் சீதாதேவி, விகாரமகாதேவி, சுனேத்திராதேவி என மூன்று அரசியரின் பெயரைத் தன் மூன்று டக்கோட்டாக்களுக்கும் சூட்டியது. 1947 டிசெம்பர் 10இல் சீதாதேவி இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அக்காலத்தில் பலாலித் தளத்தைக் காங்கேசன்துறை விமான நிலையம் என்றே அழைத்தனர். ஒருகாலத்தில் சீதை தன் விருப்பத்துக்கு மாறாக ஆகாய மார்க்கமாக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டாள். இந்தச் சீதையோ டிக்கெட் வாங்கியவரை ஏற்றிக்கொண்டு மறுதிசையிற் சென்றாள்! 1949 டிசெம்பரில் சுனேத்திராதேவி திருச்சிராப்பள்ளியில் இறங்கும்போது விபத்துக்குள்ளாகி அழிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. யாழ்ப்பாணத்தார் அதனால் டக்கோட்டாவைக் கைவிடவுமில்லை. உலகமெங்கும் ஆயிரக்கணக்கிற் பறந்த இனமாதலால் அதன் குணமும் குற்றமும் எங்கும் அறிந்தவை. உதிரிப்பாகமும் பழுது பார்க்கத் தெரிந்தவரும் எளிதிற் கிடைத்தனர்.

இனி, நான் விரிவாகச் சொல்ல விரும்பும் கதைக்கு வருகின்றேன். அது இரண்டு முறை இலங்கைக்கு வந்த கொமெட் விமானத்தின் கதை.

பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் கொம்பனியார் செய்த கொமெட், உலகின் முதல் ஜெட் பிரயாணி விமானமாகும். 1952 மே 2இல் லண்டனிலிருந்து ஜொஹனஸ்பேர்க்குக்கு அதன் சேவை ஆரம்பமாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் கொழும்புக்கும் வந்தது. சரியாக ஓராண்டு சென்று, 1953 மே 2இல் கல்கத்தாவிலிருந்து புறப்பட்ட ஒரு கொமெட் சில நிமிஷங்களில் இடிமழையில் சிக்கிச் சிதறியது; 43 பேர் மாண்டனர். புயற்காற்றே காரணம் என்றனர். 1954 ஜனவரி 10இல் ரோமாபுரியிலிருந்து கிளம்பிய இன்னொன்று எல்பாத் தீவுக்கருகே கடலில் விழுந்தது. 35 பேர் மாண்டனர். அது விழுவதைக் கண்டவர்களும், பிரேதங்களை மீட்டவர்களும் அத்தீவின் மீனவர்கள். கடலை நம்பிப் பிழைக்கும் நம் கரையோரத்தார்க்கு அந்தக் காட்சியை விவரிக்க வேண்டியதில்லை.

சேவையை நிறுத்தினர், ஊகத்தின்மேற் சில திருத்தங்கள் செய்தனர், மார்ச்சு மாதத்தில் மறுபடியும் பறக்கவிட்டனர். என் அபிப்பிராயத்தில் இந்த அவசரமே கொமெட் கதையில் மன்னிக்க முடியாத பகுதி. ஏப்ரல் 8இல் மற்றொரு கொமெட் நேப்பிள்ஸ் அருகே கடலில் விழுந்து 21 உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின்னரே பறக்கும் அத்தாட்சி பறிக்கப்பட்டது.

பிறகு நடந்ததுதான் முக்கியம். எல்பாக் கடலின் அடியிலிருந்து உடைந்த துண்டுகளைக் கடற்படையினர் ஒவ்வொன்றாக எடுத்தனர். பார்ன்பரோவிலுள்ள அரசாங்க ஆராய்ச்சி நிலையத்தில், ஆர்னல்ட் ஹோல் என்பாரின் தலைமையில், அத்துண்டுகளை விமான உருவில் மீண்டும் பொருத்தினர். இன்னொரு முழுக் கொமெட்டை ஒரு பெரிய தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது உண்டாகும் அழுத்தத்தை உள்ளே மீண்டும் மீண்டும் ஏற்றியிறக்கினர். முன்பு பறந்தவற்றையுஞ் சேர்த்து மூவாயிரத்துச் சொச்சம் பறப்புகளுக்குச் சமமானபோது, அதன் உடற்கூடு திறப்பொன்றின் மூலையிலிருந்து கிழிந்தது. ஒரு கம்பியை ஒரே இடத்தில் மடித்து நிமிர்த்திக்கொண்டேயிருந்தால் இறுதியில் முறிகிறதல்லவா? அதுபோல உலோகம் களைத்துவிட்டது. 1954 அக்டோபரில் லண்டனில் கோஹன் பிரபுவின் முன் பகிரங்க விசாரணை நடைபெற்றது. கொம்பனி தன் குறையை மறைக்கவில்லை. கண்டறிந்தவை போட்டிக் கொம்பனிகளுக்கும் தெரிந்தன. காயத்திற் கையிட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றார் தோமா. பிரயாணிகளெல்லாரும் தோமாக்களே, அவர்கள் தொட்டுப் பார்ப்பதற்கென உடைந்த உலோகத்தைப் பார்ன்பரோவார் மேசைமீது வைத்தனர்.

உடற்கூடு திருத்தப்பெற்ற நான்காம் கொமெட் 1958 அக்டோபர் 4இல் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டிப் பிரயாணிகளை ஏற்றிச்சென்றது. 1962இல் பி.ஓ.ஏ.சி. ஸ்தாபனத்துடன் கூட்டுச் சேர்ந்து எயார் சிலோனும் நான்காம் கொமெட்டில் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது. ஒரு தசாப்தத்துக்கு முன் அஞ்சி விலக்கிய பெயரையுடைய விமானத்தில் இலங்கையர் மறுபடியும் ஏறினர். எனினும் உண்மை சொல்வதற்கு ஒரு விலையும் உண்டு. 1958 அக்டோபர் 26இல், அதாவது கொமெட் அத்திலாந்திக்கைத் தாண்டிய மூன்றே வாரங்களில், அமெரிக்க போயிங் 707 வந்து சந்தையைப் பிடித்துக்கொண்டது. கொமெட்டின் மானம் மீண்டது, வியாபாரம் மீளவில்லை.

இந்தக் கொமெட் அளவுகோலை வைத்துப் பின்வந்தவற்றைப் பார்ப்போம்.

உள்நாட்டு யுத்தம் நடந்த காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி அடைபட்டிருந்தது. கப்பல் அல்லது விமானமே கதி. 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு வடக்கே மறைந்தது. பிரயாணிகள் 48 பேர், பணியாளர் 7 பேர், ஆக 55 உயிர்கள். விமானம் சோவியத் நாட்டில் உருவான அன்டனோவ் 24. ஏவுகணையா, யந்திரமா, பழைய விமானமா என்று மக்கள் கேட்டுக்கொண்டேயிருந்தனர். விடுதலைப் புலிகளின் ஏவுகணையே அதனை வீழ்த்தியது என்பது அரசாங்கத்தாரின் முடிபு. ஆனால் தொட்டுப் பார்ப்பதற்கு ஒரு துண்டு உலோகமும் பல்லாண்டுகளாக இல்லை. 2012இலேதான் இரணைதீவுக்கு அப்பால் கடலடியில் சிதைவுகளைக் கண்டெடுத்தனர். பின்னர் யாழ்ப்பாணத்தில் வைக்கப்பட்ட ஆடைகளைப் பார்த்து உறவினர் தம்மவரை அடையாளங் கண்டனர். எல்பாவின் துண்டுகள் மேலேறச் சில மாதங்கள் சென்றன; இரணைதீவுக்கோ 14 ஆண்டுகள்.

அந்த அன்டனோவின் வழிவந்ததே சீனத்தின் எம்.ஏ. 60. அன்டனோவைப் பின்பற்றிச் செய்த வை 7 என்னும் விமானத்தை நீட்டி, கனடா நாட்டு யந்திரங்களைப் பூட்டியது. 2011இல் நம் விமானப்படை இவற்றில் இரண்டைப் பெற்றது. சீனத்தின் மற்றொரு சிறு விமானமாகிய வை 12 அதற்கு முன்னரே, 1980களின் பிற்பகுதியிலிருந்து, நம் விமானப்படையில் இருந்துவந்தது. இவ்விரண்டுக்கும் ஒரு பேதம் உண்டு. வை 12ஐப் பிரித்தானிய அதிகாரிகளின் பரீட்சைக்கு உட்படுத்தி 1990இலும், அமெரிக்கரின் பரீட்சைக்கு உட்படுத்தி 1995இலும் சீனர் அத்தாட்சி பெற்றனர். எம்.ஏ. 60க்கு அமெரிக்க அத்தாட்சியோ ஐரோப்பிய அத்தாட்சியோ இல்லை. 2011 மே 7இல் இந்தோனேசியாவின் கைமானாவில் ஒரு எம்.ஏ. 60 கடலில் விழுந்து 25 பேர் மாண்டனர். விசாரணையாளர் விமானிகளின் பிழையையே பெரிதாகக் கண்டனர். ஆயினும் சந்தேகம் விமானத்தின்மேலேயே தங்கியது. 2013இல் தொங்காத் தீவுக்கு இவ்விமானம் வந்தபோது நியூஸிலாந்து அரசாங்கம் தன் பிரயாணிகளை எச்சரித்ததோடு, அத்தீவின் உல்லாசப் பிரயாணத் துறைக்கு அளித்துவந்த உதவியையும் நிறுத்திவைத்தது. நேபாளம் எம்.ஏ. 60 இரண்டும் வை 12 நான்கும் பெற்று, விமானிகளும் உதிரிப்பாகமும் போதாமல் நஷ்டமடைந்து, 2020 ஜூலையில் அவற்றை நிறுத்தியது. நம் நாட்டிலும் 2020 ஜனவரி 3இல் வை 12 ஒன்று அப்புத்தளையில் விழுந்து நால்வர் இறந்தனர்.

இதனாற் சீனப் பொருள் மட்டம், மேனாட்டுப் பொருள் உயர்வு என்று முடிவுகட்டுவோர் போயிங் 737 மக்ஸின் கதையையும் கேட்கவேண்டும். 2018 அக்டோபரில் ஜாவாக் கடலில் 189 பேர். 2019 மார்ச்சில் எதியோப்பியாவில் 157 பேர். முதலில் விழுந்தது இந்தோனேசிய லயன் எயாருக்கு உரியது. பெயர் நம்முடையதை ஒத்திருப்பினும் கொம்பனி வேறு. விமானத்தின் மூக்கைத் தானாகவே கீழே தள்ளிய ஒரு சாதனம் அதில் இருந்தது. விமானிகளுக்குத் தந்த கைந்நூலில் அதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அமெரிக்க அதிகாரிகளின் முத்திரை மட்டும் இருந்தது! அவ்விமானத்தை முதலில் தரையிறக்கிய பெரிய நாடு சீனமே என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்கர் அதற்கு இரண்டு நாள் பிந்தினர்.

இப்போது சீனர் தம் ஜெட் விமானங்களுடன் ஆசியச் சந்தையில் இறங்கியுள்ளனர். 2023இல் இந்தோனேசியாவிலும் 2025இல் லாவோஸிலும் அவர்களின் சிறிய ஜெட் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது. பெரியதான சி 919க்கு ஐரோப்பிய அத்தாட்சி கேட்டிருக்கின்றனர். 2025இன் நடுப்பகுதி வரையில் அது கிட்டவில்லை. வை 12க்கு எடுத்த அதே வழியை மீண்டும் எடுப்பது அவர்கள் விஷயத்தில் நல்ல அடையாளம் என்றே எனக்குப் படுகின்றது.

சீதாதேவி பறந்த வழியில், பல்லாண்டு இடைவெளிக்குப் பின், 2019 நவம்பரில் சென்னைக்கும் பலாலிக்கும் இடையே மீண்டும் சேவை தொடங்கியது. இம்முறை வந்தது பிரான்சிலே பொருத்தப்படும் ஏ.டி.ஆர். 72. அதே இனத்து விமானமொன்று 2023 ஜனவரி 15இல் நேபாளத்துப் பொக்கராவில் விழுந்து, அதிலிருந்த 72 பேரும் மாண்டனர். இறங்கும் வேளையில் விமானிகள் ஒரு நெம்புகோலுக்குப் பதிலாக வேறொன்றை இழுத்துவிட்டமையால் இரு யந்திரங்களும் உந்துவிசை இழந்தன என்று, எந்தக் கணத்தில் எது நடந்தது என்பது உட்பட, விசாரணைக் குழுவினர் அவ்வாண்டிலேயே அறிக்கை வெளியிட்டனர். எவரும் அதை எடுத்து வாசிக்கலாம். 2024 செப்டெம்பரில் இன்டிகோ கொம்பனியாரும் அந்த ஏ.டி.ஆர். விமானத்தையே கொண்டு சென்னை–பலாலி வழியில் இறங்கினர்.