யேல் என்னும் பெயர்

கடலூரை அடுத்துக் குண்டு உப்பலவாடி என்றோர் ஊர் இருக்கிறது. 1690ஆம் ஆண்டில் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினி விலைக்கு வாங்கியபோது, கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு விழும் எல்லைவரை உள்ள நிலமும் அதனோடு சேரும் என்பது உடன்படிக்கை. அந்த வட்டத்துக்குள் அகப்பட்ட ஊர்கள் குண்டு கிராமங்கள் எனப்பட்டன. உப்பலவாடி அந்தக் குண்டை இன்றளவும் தன் பெயரில் சுமந்து நிற்கிறது. கோட்டையை வாங்கிய சென்னை ஆளுநர் எலிஹு யேல். அமெரிக்காவில், நியூ ஹேவன் நகரில் உள்ள புகழ்வாய்ந்த பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது அவருடைய பெயரையே. அப்பெயரை நீக்கவேண்டும் என்ற குரல் 2020ஆம் ஆண்டில் உரக்கக் கேட்டது. மெய்யாகவே கேட்டவர்களும் உண்டு. பெயர் மாற்றம் கோருவோரை எள்ளி நகையாடுவதற்காகக் கேட்டவர்களும் உண்டு. எள்ளலை விடுத்து வினாவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

யேல் 1649இல் பாஸ்டனில் பிறந்தவர். 1672இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுத்தராக வந்து, 1687 முதல் 1692 வரை ஆளுநராக இருந்தார். பதவியைத் தம் சொந்த வாணிகத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்ற குற்றச்சாட்டின்மேல் அப்பதவியை இழந்தார்; செல்வத்தை இழக்கவில்லை. துணியிலும் வைரத்திலும் ஈட்டிய பெரும்பொருளோடு 1699இல் சென்னையை விட்டுச் சென்றார். கனெக்டிகட்டில் இருந்த சிறு கல்விக்கூடம் ஒன்று பணமின்றித் தவித்தபோது, காட்டன் மேதர் என்னும் சமயகுரு அவருக்குக் கடிதம் எழுதினார். உதவினால் கல்விக்கூடம் அவர் பெயரைப் பெறக்கூடும் என்பதையும் அதில் நயமாகக் குறிப்பிட்டார். 1718இல் யேல் அனுப்பியவை ஒன்பது பொதிச் சரக்கு, 417 நூல்கள், முதலாம் ஜார்ஜ் மன்னரின் உருவப்படம் ஆகியன. சரக்கு ஏறத்தாழ 562 பவுனுக்கு விலைபோயிற்று. பெயரும் சூட்டப்பட்டது.

அப்பொதிகளில் கலிக்கோவும் மஸ்லினும் இருந்தன என்பதை நாம் மறத்தல் ஆகாது. முன்பணம் வாங்கி அந்நாளில் தறியில் அமர்ந்த நெசவாளர் எவர் பெயரும் எந்தக் கல்விக்கூடத்துக்கும் இடப்படவில்லை. கும்பினித் துணிகளை வெளுத்தவர்களுக்காவது சென்னையில் வண்ணாரப்பேட்டை என்று ஒரு பெயர் எஞ்சியது. ஆனால் துணியைக் காட்டிலும் கொடிய சரக்கு ஒன்றும் இக்கடற்கரையிலிருந்து கப்பலேறியது. 1680களின் பஞ்சத்தில் மனிதர்கள் விலைக்கு வந்தார்கள். ஐரோப்பா செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளையேனும் அனுப்பவேண்டும் என்று கோட்டையின் ஆலோசனைச் சபை முடிவு செய்தது; அச்சபையில் யேல் இருந்தார். 1687இல் ஒரே மாதத்தில் 665 பேர் கடல் கடத்தப்பட்டனர் என்பதைக் கோட்டை ஆவணங்களிலிருந்து ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். மறு ஆண்டு யேலின் நிருவாகமே அவ்வாணிகத்தைத் தடை செய்தது. அவருக்காக வாதாடுவோர் அத்தடையைப் பெரிதாகக் காட்டுவர். அதன் பின்னணியில் இருந்தது முகலாய அரசின் நெருக்குதலே; இரக்கத்தின் சுவடு அங்குக் காணப்படவில்லை. வெள்ளையர்தாம் இக்கொடுமையை இங்குக் கொணர்ந்தனர் என்று நாம் தப்பித்துக்கொள்ளவும் இயலாது. கோயில்களுக்கு ஆட்களை விற்ற செய்தியைச் சோழர் காலக் கல்வெட்டுகளே சொல்கின்றன.

இனிப் பெயருக்கு வருவோம். அப்பல்கலைக்கழகத்தில் கால்ஹூன் கல்லூரி என்னும் மாணவர் இல்லம் ஒன்று இருந்தது. ஜான் கால்ஹூன் அங்குப் பயின்றவர். அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவராக விளங்கியவர். அடிமை முறை தீமையன்று, நன்மையே என்று 1837இல் செனட் சபையில் வாதிட்டவர். அவர் எழுதியதும் பேசியதும் நன்கு தெரிந்திருந்தும், 1930களில் அவரைப் பெருமைப்படுத்தவென்றே அப்பெயரை இட்டனர். அவ்வில்லத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரம் ஒன்றில் பருத்தி சுமக்கும் அடிமைகளின் உருவம் தீட்டப்பட்டிருந்தது. 2016இல் அங்குப் பணியாற்றிய கறுப்பினத் தொழிலாளி ஒருவர் அதைத் துடைப்பக் கட்டையால் உடைத்தார். அவ்வாண்டு ஏப்ரலில் பெயர் நீடிக்கும் என்று அறிவித்திருந்த பல்கலைக்கழகம், 2017 பிப்ரவரியில் முடிவை மாற்றிக் கணினி அறிஞர் கிரேஸ் ஹாப்பர் பெயரைச் சூட்டியது. அது நேரிய முடிவு என்றே கருதுகிறேன். அறிந்தே செய்த சிறப்பை அறிந்தே திரும்பப் பெறலாம்.

யேல் என்னும் பெயர் அத்தகையதன்று. எவரும் அவரைச் சான்றோர் என்று எண்ணி அதை இடவில்லை. ஒன்பது பொதிச் சரக்குக்கு எழுதிக்கொடுத்த பற்றுச்சீட்டு அது. பற்றுச்சீட்டைக் கிழித்தால் ஆதாயம் யாருக்கு? கடன்பட்டவருக்கன்றோ! அடிமைகளின் வழிவந்த மாணவர் ஒருவர் அப்பெயர் பொறித்த பட்டச் சான்றிதழைக் கையில் ஏந்தும்போது அடையும் வலியை இங்கிருந்து அளக்கும் உரிமை எனக்கில்லை. அவர்கள் ஒருங்கே நீக்கச் சொன்னால் என் வாதம் எளிதில் நில்லாது. ஆயினும் அந்நாட்டு வழக்காடலில் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்தவர்களே நினைக்கப்படுகின்றனர். வங்கக் கடலைக் கடந்தவர்கள் அரிதாகவே நினைக்கப்படுகின்றனர். அந்த 665 பேரை நியூ ஹேவனோடு பிணைக்கும் கயிறு அந்த ஒரு பெயர்தான். அதுவும் அறுந்துபோனால் அவர்களைப் பற்றி அங்கே எவரிடம் போய்க் கேட்பது?

பல்கலைக்கழகம் தன் அடிமைத் தொடர்புகளுக்காக 2024 பிப்ரவரியில் முறையாக வருத்தம் தெரிவித்தது. அது குறித்து வரலாற்று நூல் ஒன்றும் வெளியிட்டது. நன்று. புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குறிப்பேடுகளைச் சென்னை ஆவணக் காப்பகம் முந்நாளிலேயே அச்சிட்டு வைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் உள்ள அவற்றைத் தமிழில் தர நம்மவர் எவரும் முனைந்து அமரவில்லையே என்ற ஆற்றாமை எனக்கு உண்டு. அதிலும் ஆய்வாளர் என்ற முறையில் என் பங்கு குறைவன்று.

யேல் தம் குடும்பத்தாரோடு மேசையருகே வீற்றிருக்கும் பழைய ஓவியம் ஒன்று அப்பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் உள்ளது. ஓரத்தில் மது வார்க்கும் கறுப்பினச் சிறுவன் ஒருவன். கழுத்தில் பூட்டிட்ட உலோக வளையம். 2020இல் அதைக் கீழிறக்கினர். 2022இல், சிறுவனைப் பற்றி ஆராய்ந்து எழுதிய விளக்கத்தோடு மீண்டும் மாட்டினர். அவனுக்கு வயது பத்து இருக்கலாம் என்றனர். பெயர் கிடைக்கவில்லை.