கூகுள் மேப் முதல் மூளைச் சிப் வரை: நம்ம தலைக்குள்ள என்ன நடக்குது?

'200 மீட்டரில் இடது பக்கம் திரும்பவும்'னு ஒரு குரல் சொல்லாம, சேலம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காடு அடிவாரம் வரைக்கும் உங்களால வண்டி ஓட்டிட்டுப் போக முடியுமா? கொஞ்சம் யோசிக்கிறீங்கன்னா, இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

லாரிக்கு பாடி கட்டுறதுல பேர் வாங்கின ஊர் நாமக்கல். இங்கிருந்தும் சங்ககிரி, திருச்செங்கோட்டிலிருந்தும் கிளம்பும் வண்டிகள் வட இந்தியா வரை போகும். ஸ்மார்ட்போனுக்கு முந்தைய தலைமுறை டிரைவர்களுக்கு மேப் இருந்தது மண்டைக்குள்ளதான். கிளீனராக ஏறின பையன், தொப்பூர் கணவாயில் எங்கே கியரைக் குறைக்கணும், எந்த தாபாவில் நம்பி வண்டியை நிறுத்தலாம், எந்த இடத்தில் ரோடு பிரியுதுன்னு பார்த்துப் பார்த்தே டிரைவர் ஆனார்.

இப்படி வழி கத்துக்கிறது மூளையோட அமைப்பையே மாத்தும் என்பதற்கு லண்டனில் ஆதாரம் கிடைத்தது. அங்கே கறுப்பு டாக்ஸி ஓட்ட லைசென்ஸ் வேணும்னா, சுமார் 25,000 தெருக்களை மனப்பாடம் செய்து பரீட்சை எழுதணும். படிக்கவே மூணு, நாலு வருஷம் ஆகும். அந்த டிரைவர்களின் மூளையை ஸ்கேன் செய்த எலினார் மக்வயரின் குழு, வழிகளை நினைவில் வைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' பகுதியின் பின்பக்கம் மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை 2000-ல் வெளியிட்டது. சரி, டிராஃபிக்கில் வண்டி ஓட்டினாலே இப்படி ஆகுமா? 2006-ல் அதே ஊர் பஸ் டிரைவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தாங்க. தினமும் ஒரே ரூட்டில் ஓட்டும் அவர்களுக்கு இந்த வளர்ச்சி இல்லை. ஓட்டுவது இல்லை, வழி தேடுவதுதான் மூளைக்குத் தீனி.

அந்தத் தேடலை போன்கிட்ட கொடுத்துட்டா? 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், லண்டன் சோஹோ தெருக்களில் சிமுலேஷன் மூலம் 24 பேரை வழி தேட விட்டாங்க. தாங்களே யோசித்துப் போனபோது, புதுத் தெருவில் நுழையும்போதெல்லாம் ஹிப்போகாம்பஸ் சுறுசுறுப்பானது. நேவிகேஷன் சொன்னபடி போனபோது அது கண்டுக்கவே இல்லை. 2020-ல் வந்த கனடா ஆய்வு, ஜி.பி.எஸ்ஸை அதிகம் நம்பியவர்களின் வழி நினைவு மூன்று வருடங்களில் வேகமாகக் குறைந்ததாகச் சொன்னது. ஆனா, மறுபடி சோதிக்கப்பட்டது வெறும் 13 பேர்தான். அதனால இதுக்காகப் பதற்றப்பட வேண்டாம்.

பழகின ரூட்டுக்கு மேப்பைத் திறக்காதீங்க. புது ஊருன்னா, கிளம்பும் முன் முழு வழியையும் ஒருமுறை பாருங்க. திரும்பி வரும்போது குரலை அணைச்சுட்டு முயற்சி பண்ணுங்க. (ராத்திரியில தொப்பூர் இறக்கத்துல மட்டும் வேண்டாம்!)

போன் மூளையோட வேலையைத் தான் வாங்கிக்குது. அடுத்து வரும் மூளைச் சிப் கதை நேர் எதிர். 2016-ல் ஒரு விபத்தில் தோளுக்குக் கீழே செயலிழந்த அமெரிக்க இளைஞர் நோலண்ட் ஆர்பா, 2024 ஜனவரியில் நியூராலிங்க் சிப்பைப் பொருத்திக்கொண்டார். கையை அசைக்க நினைக்கும்போது எழும் சிக்னலை, முடியைவிட மெல்லிய 64 இழைகள் பிடித்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அவர் மனசாலேயே கர்சரை நகர்த்தி செஸ் ஆடினார். சில வாரங்களில் பல இழைகள் இடம் விலகிப்போக, சாஃப்ட்வேரை மாற்றித்தான் சரிசெய்தார்கள். முடங்கிப் படுத்திருக்கும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலைன்னு சொல்லத் தேவையில்லை.

பயம் வேறு இடத்தில் இருக்கு. ஆபரேஷனே இல்லாமல், தலையில் மாட்டினாலே மூளை அலைகளைப் பதிவு செய்யும் ஹெட்செட்டுகள் கடையிலேயே கிடைக்குது. அந்த டேட்டா யாருக்குச் சொந்தம்? தென் அமெரிக்காவின் சிலி நாடு, 2021-லேயே மூளைச் செயல்பாட்டுக்கும் அதன் தகவல்களுக்கும் அரசியல் சாசனத்தில் பாதுகாப்பு கொடுத்தது. அங்கே முன்னாள் செனட்டர் ஒருவர், தான் மாட்டிய ஹெட்செட்டின் நிறுவனத்துக்கு எதிராக கோர்ட்டுக்குப் போனார். அவருடைய மூளை டேட்டாவை அழிக்கச் சொல்லி 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.