கபீர் பேடி: இத்தாலியத் திரைவாழ்வு

கபீர் பேடி (பிறப்பு: 16 சனவரி 1946, லாகூர்) இந்தி, இத்தாலிய, ஆங்கிலப் படங்களில் நடித்த இந்திய நடிகர். இத்தாலியில் அவர் பெயரைவிட ‘சண்டோகான்’ என்ற வேடப் பெயரே பிரபலம்.

டெல்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்தவர். மேடையில் ‘துக்ளக்’ நாடகத்தில் சுல்தானாகப் பெயர் வாங்கினார். ‘ஹல்சல்’ (1971) வழியே இந்தித் திரைக்கு வந்தார். பம்பாய் அவரது உயரத்தையும் தாடியையும் என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருந்தது.

ரோமுக்குத் தெரிந்திருந்தது. ‘தி பிக் கன்டவுன்’ (1966) போன்ற இத்தாலியக் கௌபாய் படங்களை எடுத்த செர்ஜியோ சொல்லிமா, தம் ஆறு பகுதித் தொலைக்காட்சித் தொடரான ‘சண்டோகா’னுக்கு அவரை நாயகனாக்கினார். எமிலியோ சல்காரியின் (1862–1911) நாவல்களே மூலம். மலாய்க் கடலைக் கண்ணால் காணாமலே எழுதியவர் சல்காரி. போர்னியோ இளவரசன் கடற்கொள்ளையனாகி, சரவாக்கின் வெள்ளை ராஜா ஜேம்ஸ் புரூக்கை எதிர்க்கும் கதை. சாண்டில்யனின் ‘கடல்புறா’ படித்தவர்களுக்கு இந்தக் கடல் அந்நியமல்ல. 1976 தொடக்கத்தில் அரசு நிறுவனமான ராய் ஒளிபரப்பியபோது நாடே அதன் முன் உட்கார்ந்தது.

இத்தாலிய மொழி தெரியாத ஒருவர் அங்கே நாயகனானதற்குத் தொழில்முறையே காரணம். அன்றைய இத்தாலியப் படங்களில் குரல் பின்னர்தான் சேர்க்கப்படும். அமெரிக்கர், ஜெர்மானியர், பிரெஞ்சுக்காரர் எல்லாரும் ஒரே காட்சியில் அவரவர் மொழியில் பேசலாம். இயக்குநருக்கு முகமும் உடலசைவும் போதும். அதனால்தான் அதே ஆண்டில் ‘கறுப்புக் கொள்ளையன்’ படத்தில் இத்தாலியப் பிரபுவாகவே பேடி நடிக்க முடிந்தது. ஆங்கிலேயரின் சினிமா அவருக்கு அப்படியொரு வேடம் தரவில்லை: ‘ஆக்டோபசி’யில் (1983) வில்லனின் தலைப்பாகை கட்டிய அடியாள் கோபிந்தா.

1977இல் ‘சண்டோகான்’ திரைப்படமாகவும் தொடர்ந்தது. பிறகு அந்த வகைப் படங்களே இத்தாலியில் தேய்ந்தன. 1996இல் ‘சண்டோகான் திரும்புகிறான்’ தொடரில் மீண்டும் அதே வேடம். இயக்கியவர் மலிவு அதிரடிப் படங்களுக்குப் பேர்போன என்சோ காஸ்தெல்லாரி. 2010இல் இத்தாலிய அரசு பேடிக்குக் கவலியேரே (நைட்) விருது அளித்தது. தமிழில் வசந்தபாலனின் ‘அரவான்’ (2012) படத்தில் பாளையத்து ராஜாவாக நடித்தார்.

2025இல் வெளியான புதிய ‘சண்டோகான்’ தொடரின் நாயகனும் இத்தாலியர் அல்லர். துருக்கி நடிகர் ஜான் யமான்.