தலைநகர் தேடிய நாடு

ஒரு நாட்டின் தலைநகர் எது? "அந்நாட்டார் எதனைத் தலைநகர் என்கின்றனரோ, அதுவே" என்று எளிதில் விடை கூறிவிடலாம். ஆனால், அந்நகரில் வாழ்வோரில் மிகப் பலர் வேறு மொழி பேசுவோராக இருந்தால்? அண்டை நாட்டார், "அது எம் நகர்" என்று படை நடத்தி வந்தால்? சட்டத்திலே தலைநகர் ஓரிடம், அரசு நடப்பது மற்றோரிடம் என்று இருபது ஆண்டுகள் கழிந்தால்? இவை வெறும் கற்பனைக் கேள்விகள் அல்ல. பால்டிக் கடலோரத்தில் உள்ள லிதுவேனியா எனும் சிறு நாடு, கண்ணீரோடு விடை தேடிய கேள்விகள்.

அந்நகரை லிதுவேனியர் வில்னியசு என்பர். போலந்தினர் வில்னோ என்பர். யூதர் வில்னே என்பர். ஊர் ஒன்று, பெயர் மூன்று! ஒவ்வொரு பெயருக்கும் பின்னே ஒரு மக்களினத்தின் உரிமைக் குரல்.

நகரம் பிறந்தது பற்றிப் பழங்கதை ஒன்றுண்டு. வேட்டையாடிக் களைத்த கெடிமினாசு எனும் கோமான் உறங்கினானாம். இரும்பு ஓநாய் ஒன்று குன்றின்மீது நின்று, நூறு ஓநாய்களின் குரலெடுத்து ஊளையிடக் கனவு கண்டானாம். பூசாரி பொருள் கூறினானாம்: "இங்கே நகரம் எழுப்புக, அதன் புகழ் உலகெங்கும் ஒலிக்கும்!" எந்த நாட்டிலும் மன்னன் காணும் கனவுக்குப் பூசாரி பொருள் கூறத் தவறுவதில்லை. கனவைக் கொண்டு நிலப்பட்டா எழுதுவதும் எங்கும் உள்ள வழக்கந்தான்.

கதை கிடக்கட்டும். வரலாறு காட்டும் ஆவணம் யாது? 1323 இல் கெடிமினாசு செருமானிய நகரங்களுக்கு அனுப்பிய மடல்கள். வணிகர்களும் கைவினைஞர்களும் வந்து குடியேறலாம் என்று அவன் அழைத்தான். அம்மடல்களில்தான் வில்னியசு எனும் பெயர் ஏடேறுகிறது. பின்னாளில் எந்த நகரை "எமக்கு மட்டுமே உரியது" என்று சொல்லிச் சண்டையிட்டனரோ, அந்நகரின் முதற் சான்று அயலாருக்கு விடுத்த அழைப்பு!

வந்தனர் மக்கள். 1386 இல் லிதுவேனியக் கோமான் யோகைலா போலந்துக்கு மன்னனானான். 1569 இல் இரு நாடுகளும் ஒரே கூட்டரசாயின. பிரபுக்கள் நாளடைவில் போலந்து மொழிக்கு மாறினர். லிதுவேனிய மொழி குடிசைகளில் குடியிருந்தது. யூத அறிஞர்கள் நிறைந்ததால் நகருக்கு "லிதுவேனியாவின் எருசலேம்" எனும் பெயரும் வாய்த்தது. 1795 இல் ஜார் அரசு விழுங்கிற்று. லிதுவேனிய மொழியை லத்தீன் எழுத்தில் அச்சிடலாகாது என்று அது விதித்த தடை, 1904 வரை நாற்பது ஆண்டுக்காலம் நீடித்தது. எல்லைக்கு அப்பால் அச்சான நூல்களை, உழவர்களும் தொழிலாளரும் முதுகில் சுமந்து இரவோடிரவாகக் கடத்தி வந்தனர். பிடிபட்டோர் சைபீரியா சென்றனர். அவ்வாறு காக்கப்பட்ட மொழியின் மக்கள், 1918 பிப்ரவரி 16 அன்று விடுதலை முழக்கமிட்டனர். "வில்னியசைத் தலைநகராகக் கொண்ட லிதுவேனியா" என்பதே அந்த அறிக்கையின் சொல்.

உரிமை முழக்கம் சரி. நகரில் இருந்தவர் யார்? 1916 இல் செருமானியர் எடுத்த கணக்கு சொல்லுகிறது: போலந்தினர் நூற்றுக்கு 50, யூதர் 43, லிதுவேனியர் 3 பேர்கூட இல்லை! "அவர்கள் குருதியால் லிதுவேனியர், மொழிதான் மாறிற்று" என்றனர் லிதுவேனியத் தலைவர் பலர். பாட்டன் பேசிய மொழியைக் காட்டிப் பேரனின் வாக்கைச் செல்லாததாக்குவது அறமாகுமா? தான் யார் என்று சொல்லும் உரிமை உயிரோடிருப்பவனுக்கே உண்டு.

எண்ணிக்கை போலந்தின் பக்கம். நேர்மையோ அங்கு இல்லை. 1920 அக்டோபர் 7 அன்று சுவால்கியில் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. மையின் ஈரம் உலருமுன், 9 ஆம் நாள் போலந்துத் தளபதி செலிகோவ்சுகி, "மேலிடத்துக்குக் கட்டுப்படாத கலகக்காரன்" எனும் வேடம் பூண்டு நகரைப் பிடித்தான். அந்தக் கலகம் தன் கட்டளையே என்று போலந்துத் தலைவர் பில்சுத்சுகி 1923 இல் வாய்விட்டுச் சொன்னார். சர்வதேச சங்கம் பேசிற்று, திட்டம் தீட்டிற்று, ஓய்ந்தது. 1922 இல் நடந்த தேர்தலை லிதுவேனியர் புறக்கணித்தனர். அதில் பிறந்த அவை நகரைப் போலந்தோடு இணைத்தது. பெரும்பான்மை உண்மையாகவே இருந்தது. ஆயினும் துப்பாக்கி முந்திக்கொண்டதால், வாக்குச்சீட்டின் மதிப்பு கெட்டது.

லிதுவேனிய அரசு கவுனாசு நகரில் அமர்ந்தது. அதற்குப் பெயர் "தற்காலிகத் தலைநகர்". 1928 ஆம் ஆண்டு அரசியல் சட்டமோ தலைநகர் வில்னியசு என்றே விதித்தது. ஆண்டுதோறும் அக்டோபர் 9 துக்கநாள். இரு நாடுகளுக்குமிடையே தூதர் இல்லை, இரயில் இல்லை, நேரான அஞ்சலும் இல்லை. 1938 மார்ச்சில் போலந்து இறுதி எச்சரிக்கை விடுத்த பிறகே தூதுறவு ஏற்பட்டது.

அடுத்த ஆண்டே தலைநகர் கிடைத்தது! கொடுத்தவர் யார்? ஸ்டாலின். போலந்து வீழ்ந்ததும் நகரைக் கைப்பற்றியிருந்த சோவியத் அரசு, 1939 அக்டோபர் 10 ஒப்பந்தப்படி அதனை லிதுவேனியாவிடம் ஒப்படைத்தது. விலை? இருபதாயிரம் சோவியத் படையினர் லிதுவேனிய மண்ணில் தங்குவது. "வில்னியசு நமக்கு, நாமோ ருசியருக்கு" என்று மக்கள் கசப்போடு கூறிக்கொண்டனர். எட்டே திங்களில், 1940 ஜூனில், அச்சொல் பலித்தது. தலைநகர் வந்தது, நாடு போயிற்று.

பின்னர் நடந்ததை எழுத எழுதுகோல் கூசும். எழுதாவிட்டால் வரலாறு பொய்க்கும். 1941 முதல் 1944 வரை, நகரை அடுத்த பனேரியாய் காட்டில் நாஜிகள் சுமார் எழுபதாயிரம் யூதரைச் சுட்டுக் குழியிலிட்டனர். சுட்டவர்களில் லிதுவேனியரும் இருந்தனர். போர் முடியும் தறுவாயில் தொடங்கி, நகரின் போலந்து மக்களில் பெரும்பாலோர் போலந்துக்கு அனுப்பப்பட்டனர். வில்னியசு லிதுவேனிய நகராயிற்று. வாதத்தால் வென்று அல்ல, வாதிட வேண்டியவர்கள் புதைகுழியிலும் புகைவண்டியிலும் மறைந்தமையால்! இன்று நகரில் மூவரில் இருவர் லிதுவேனியர் என்று பெருமை பேசுவோர், அந்தக் கணக்கின் அடியிலே கிடக்கும் எலும்புகளை மறக்கலாகாது.

பிறகு பகை தணிந்தது எப்படி? ஓர் ஏட்டுக்கும் அதில் பங்குண்டு. பாரிசை அடுத்து வாழ்ந்த போலந்து எழுத்தாளர் கெத்ரோயிச் நடத்திய "குல்தூரா" எனும் திங்களிதழ், 1952 இல் ஒரு பாதிரியாரின் கடிதத்தை வெளியிட்டது. வில்னியசு லிதுவேனியருக்கே ஆகுக என்றது கடிதம். நாடிழந்து தவித்த போலந்தினர் கொதித்தனர். ஏடு அஞ்சவில்லை, அக்கருத்தையே தொடர்ந்து விதைத்தது. 1990 மார்ச் 11 அன்று லிதுவேனியா மீண்டும் விடுதலையை அறிவித்தபோது, "வில்னோவைக் கொடு" என்று போலந்து அரசு கேட்கவில்லை. 1991 சனவரி 13 அன்று சோவியத் டாங்கிகள் வில்னியசின் தொலைக்காட்சிக் கோபுரத்தைச் சூழ்ந்தன. வெறுங்கையோடு மக்கள் எதிர்நின்றனர். பதினால்வர் மாண்டனர். 1994 ஏப்ரல் 26 அன்று வலேசாவும் பிரசாஸ்காசும் வில்னியசில் நட்புறவு உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். வில்னியசும் வார்சாவும் தலைநகரங்களாக உள்ள எல்லைகளை இரு நாடுகளும் ஏற்றன. அங்கு வாழும் சிறுபான்மையோர் தம் மொழியையும் பெயரையும் போற்றும் உரிமையும் அதில் இடம்பெற்றது.

ஏட்டிலுள்ள உரிமை வீட்டுக்கு வர நாளாயிற்று. லிதுவேனிய நெடுங்கணக்கில் இல்லாத எழுத்து சில போலந்துப் பெயர்களில் உண்டு. அவ்வெழுத்தோடு தம் பெயரை அரசுச் சான்றில் எழுதிக்கொள்ள, போலந்து மொழியினர் 2022 இல் சட்டம் வரும் வரை காத்திருக்க நேர்ந்தது. எழுத்துத் தடையை எதிர்த்து நாற்பது ஆண்டுகள் நூல் கடத்திய இனம், மற்றவரின் ஓர் எழுத்துக்கு இடமளிக்க இத்தனை காலம் எடுத்துக்கொண்டது!

ராசோசு கல்லறைத் தோட்டத்தில், லிதுவேனிய இனத்தின் தந்தை எனப் போற்றப்படும் பசனாவிசியசு உறங்குகிறார். அதே தோட்டத்தில், தாயின் பக்கத்தில், பில்சுத்சுகியின் இதயம் புதைக்கப்பட்டிருக்கிறது. நகரை எமது என்ற இருவரையும் ஒரே மண் ஏற்றுக்கொண்டது.

தலைநகரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு; ஐயமில்லை. அவ்வுரிமையை ஓநாய்க் கனவு தராது. மன்னர் பரம்பரை தராது. படைத்தலைவனின் பாய்ச்சலும் வல்லரசின் பரிசும் தந்தால் நிலைக்காது. அங்கு வாழும் ஒவ்வொரு மொழியினனும், "இது என் ஊருந்தான்" என்று அச்சமின்றிச் சொல்ல முடிகிற அளவுக்கே அவ்வுரிமை உறுதிப்படும். 1323 இல் எழுதிய அழைப்பு மடலின் நகல் இன்னும் இருக்கிறது. அதை மெய்ப்பிக்கும் கடமை, இன்று அந்நகரை ஆள்வோருடையது.