சூரியன் மறையாத ஊரில் மஞ்சள் திரை

மாலையானதும் கணினித் திரையை மஞ்சளாக்கும் பழக்கம் 2009-இல் ஹெர்ஃப் தம்பதி வெளியிட்ட எஃப்.லக்ஸ் என்ற நிரலோடு பரவியது. லினக்ஸ்காரர்களுக்கு ரெட்ஷிஃப்ட் கிடைத்தது. 2016-இல் ஐபோன், மறு வருடம் விண்டோஸ்.

நானிருக்கும் நார்வேயின் டிராம்சோ, 69.6 பாகை வடக்கே. சூரியன் மறையும் நேரத்தைக் கணக்கிட, அட்சரேகையின் டேன்ஜென்ட்டைச் சூரியச் சாய்வின் டேன்ஜென்ட்டால் பெருக்கி, குறியை எதிராக்கி ஆர்க்-கொசைன் எடுப்பார்கள். ஜூன் 21 வாக்கில் இங்கே பெருக்குத்தொகை 1.17. ஒன்றைத் தாண்டினால் ஆர்க்-கொசைனே கிடையாது. அதை எதிர்பாராத நிரல் திணறத்தான் செய்யும்.

ரெட்ஷிஃப்ட் கெட்டிக்காரத்தனமாகச் சூரியனின் உயரத்தைப் பார்த்தது: அடிவானத்துக்கு 3 பாகை மேலே போனால் பகல், 6 பாகை கீழே இறங்கினால் இரவு, இடையில் கலவை. ஆனால் டிசம்பர் 21 நண்பகலிலும் இங்கே சூரியன் 3 பாகை கீழேதான். நவம்பர் இரண்டாம் வாரத்திலிருந்து ஜனவரி இறுதிவரை திரை முழு வெள்ளைக்கு வராது. மீன் தொழிற்சாலை வேலைக்கென்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: "தம்பி, ஸ்கிரீன் பழுதாப் போச்சோ? மத்தியானமும் மஞ்சளாத்தான் கிடக்கு."

பிந்தைய பதிப்புகளில் விடியல், அந்தி நேரங்களை நாமே அமைப்புக் கோப்பில் எழுதிவிடலாம். அதுதான் நேர்மையான வழி. அக்காவுக்கு நான் செய்துகொடுத்தது குறுக்குவழி: அட்சரேகையில் ஓஸ்லோவின் 59.9. அங்கே டிசம்பர் நண்பகலில் சூரியன் ஏறக்குறைய 6.7 பாகை மேலே, ஜூன் நள்ளிரவில் 6.7 கீழே. பகல் எல்லையைத் தாராளமாகவும் இரவு எல்லையை மயிரிழையிலும் தாண்டிவிடுகிறது.