ஐந்நூறு ரூபாயும் கருவேல முள்ளும்: அரசுப் பள்ளி ஆசிரியருக்கான சிறுமானியம் குறித்து

1. வரையறை

வகுப்பறையில் பிள்ளைகள் தம் கையால் செய்து கற்பதற்கு வேண்டிய பொருள்களை வாங்க, ஆசிரியரிடமே ஒப்படைக்கப்படும் சிறு தொகையை இக்கட்டுரை சிறுமானியம் என்கிறது. கட்டடம், மேசை, கணினி ஆகியவற்றுக்கான ஒதுக்கீடு இதில் சேராது. ‘ஆசிரியரிடமே’ என்ற சொல்லின் ஏகாரத்தில்தான் என் வாதம் நிற்கிறது. தொகையின் அளவு இரண்டாம் பட்சம். எதை வாங்குவது என்று முடிவு செய்பவர் யார்? வாங்கியது உடையலாமா, தீர்ந்துபோகலாமா? செய்து கற்றல் நடப்பதும் நடக்காததும் இந்த இரு கேள்விகளைப் பொறுத்தது.

2. தொகையின் வரலாறு

1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து, 1987-88இல் கரும்பலகைத் திட்டம் வந்தது. அறிவியல் பெட்டி, கணிதப் பெட்டி, சிறு கருவிப் பெட்டி என்று மேலிருந்து வகுத்த பட்டியலின்படி தொடக்கப் பள்ளிகளுக்குப் பொருள்கள் போய்ச் சேர்ந்தன. 1994இல் தொடங்கிய மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், பின்னர் வந்த அனைவருக்கும் கல்வி இயக்கமும் வேறு வழியில் போயின. துணைக்கருவிகள் செய்யவும் வாங்கவும் ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு 500 ரூபாய் தந்தன.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு 200 வேலை நாள்களையும், 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியரையும் சொல்கிறது. அப்படியானால் நாளுக்கு இரண்டரை ரூபாய், பிள்ளைக்கு எட்டுப் பைசா. அற்பத் தொகைதான். ஆனாலும் ‘இது என் வகுப்புக்கென்று வந்த பணம்’ என்று ஆசிரியர் உரிமையோடு சொல்ல முடிந்தது.

2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் பல மானியங்களை ஒன்றாக்கியது. மாணவர் எண்ணிக்கைக்கேற்ப 25,000 முதல் 1,00,000 ரூபாய் வரை பள்ளிக்கு மொத்தமாக வந்தது. மின்கட்டணம், குடிநீர், பழுதுபார்ப்பு, துணைக்கருவி எல்லாம் அந்த ஒரே பையிலிருந்துதான். தூய்மைப் பணிக்குக் குறைந்தது 10 விழுக்காடு என்று விதியிலேயே இடம் ஒதுக்கினார்கள். ஏழாம் வகுப்பின் பேட்டரிக்கும் பல்புக்கும் அப்படி ஒதுக்கியவர் இல்லை. மோட்டார் பழுதாகிக் கழிவறையில் தண்ணீர் வராதபோது ‘பல்பு வாங்கித் தாருங்கள்’ என்று எந்த ஆசிரியர் தலைமையாசிரியரிடம் போய் நிற்பார்? பை பெரிதாயிற்று, ஆசிரியரின் பங்கு அதற்குள் கரைந்தது.

3. ஹோசங்காபாத்

பொருள் தீரலாம் என்று ஏற்ற முயற்சியும் நம் நாட்டில் இருந்தது. 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. கிஷோர் பாரதியும் ரசூலியாவின் நண்பர்கள் கிராம மையமும் இதை முன்னெடுத்தன. 1978இல் மாவட்டம் முழுவதற்கும் பரவியது. 1982இல் பிறந்த ஏகலவ்யா அமைப்பு அதைத் தொடர்ந்து நடத்தியது. பிள்ளைகள் நால்வர் நால்வராய் அமர்ந்து சோதனை செய்தார்கள். குண்டூசிக்குப் பதில் கருவேல முள் பயன்பட்டது. சைக்கிள் வால்வு டியூப்பின் சிறு துண்டுகளில் தீக்குச்சிகளைச் செருகினால் முக்கோணமும் கனசதுரமும் உருவாயின. அறிவியல் பொம்மைகள் வடிவமைத்த அரவிந்த் குப்தாவின் புகழ்பெற்ற தீக்குச்சி மாதிரிகள் இந்தச் சூழலில் பிறந்தவையே.

அங்கே பொருள் மலிவாக இருந்ததோடு, அது தீரும் என்பதையும் திட்டம் ஏற்றுக்கொண்டிருந்தது. உடைந்ததையும் தீர்ந்ததையும் மறுபடி நிரப்புவது நிர்வாகத்தின் வேலையாக இருந்தது. அதனால் ஆசிரியருக்குக் கை நடுங்கவில்லை. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்தியபோது, முப்பதாண்டு காலம் பழகிய அந்தத் துணிச்சலும் போயிற்று. இன்றளவும் என்னை வருத்தும் இழப்பு அது.

4. ரசீதும் இருப்புப் பதிவேடும்

சிக்கலின் மையம் இங்கேதான். செய்து கற்றலுக்கு உகந்த பொருள்கள் காயலான் கடையில் கிடைக்கின்றன: பழைய டேப் ரெக்கார்டரின் மோட்டார், ஒலிபெருக்கியின் காந்தம், சைக்கிள் கடையில் கழித்துப்போட்ட டியூப். காயலான் கடைக்காரர் ரசீது தருவதில்லை. தணிக்கைக்கோ ரசீது வேண்டும். ஆகவே பணம் ரசீது தரும் ஸ்டேஷனரி கடைக்குப் போகிறது. அங்கே அச்சிட்ட சார்ட்டுகள் கிடைக்கின்றன. பிள்ளை தொட்டுக் கற்க வந்த பணம் சுவரில் மாட்டிப் பார்க்கும் படமாகிவிடுகிறது. இதற்கு ஆசிரியரைச் சோம்பேறி என்று பழிப்பது அநீதி. அவர் விதியின்படியே நடந்துகொள்கிறார்.

அடுத்தது இருப்புப் பதிவேடு. வாங்கிய லென்ஸ் அதில் ஏறிவிட்டால், ஆண்டிறுதியில் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். நான் போயிருந்த ஒரு பள்ளியில் லென்ஸ்கள் உறை பிரியாமல் பீரோவில் பத்திரமாக இருந்தன. “பசங்க கையில குடுத்தா கீறல் விழும் சார், யாரு பதில் சொல்றது?” என்றார் அந்த ஆசிரியர். சொத்துக்குரிய விதி நுகர்பொருளின் மேல் ஏறிக்கொண்டதன் விளைவு இது.

காலமும் சேர்ந்து வாட்டுகிறது. 2009 முதல் பள்ளி மானியங்களைப் பின்தொடர்ந்த, ‘பைசா’ என்று பெயரிட்ட ஆய்வுகள் பணம் தாமதித்து வருவதைத் திரும்பத் திரும்பக் காட்டின. ஜூனில் நடத்த வேண்டிய பாடத்துக்குரிய தொகை கல்வியாண்டின் பிற்பாதியில் வந்தால், அவசரமாகச் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று எழுதத்தான் நேரமிருக்கும்.

5. ஓர் அயல் ஒப்பீடு

2000இல் நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி ஆசிரியர் சார்லஸ் பெஸ்ட் டோனர்ஸ்சூஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். தன் வகுப்புக்கு என்ன வேண்டும், ஏன் வேண்டும் என்று அரசுப் பள்ளி ஆசிரியர் எழுதுகிறார். பொதுமக்கள் பணம் தருகிறார்கள். அமைப்பே பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்புகிறது. முடிவு ஆசிரியருடையது, ரசீது அவர் கவலை அல்ல. இந்தப் பிரிப்பு பாராட்டத்தக்கது. ஆனால் கொடையாளியின் மனத்தைத் தொடும்படி எழுதத் தெரிந்த ஆசிரியருக்கே அங்கும் முதலில் கிடைக்கும். அரசின் கடமையைக் கொடையாளியின் கனிவுக்கு விட்டுவிட நான் உடன்படேன்.

6. தமிழ்நாட்டில் செய்யக்கூடியது

2022 நவம்பர் 28இல் திருச்சியில் தொடங்கிய வானவில் மன்றம், 13,210 அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரையுள்ள வகுப்புகளுக்குச் சோதனைகளைக் கொண்டுசென்றது. கருத்தாளர் பள்ளிக்கு வந்து பிள்ளைகளோடு செய்துகாட்டுவது நல்ல தொடக்கம். அவர் கிளம்பிய மறுநாள் ஒரு பிள்ளை “இன்னொரு தடவை செய்யலாமா டீச்சர்?” என்று கேட்டால், ஆசிரியர் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அதற்கு முன்மாதிரி உண்டு. மத்திய அரசின் 2017ஆம் ஆண்டு பொது நிதி விதிகள், 25,000 ரூபாய் வரையிலான பொருளை விலைப்புள்ளி கேட்காமல், தரமும் விலையும் தமக்குத் திருப்தி என்று அலுவலரே சான்றளித்து வாங்க இடமளித்தன. ஓர் அலுவலரின் சொல்லுக்கு அரசு அவ்வளவு மதிப்பு தந்திருக்கிறது. அதில் ஐம்பதில் ஒரு பங்கு 500 ரூபாய். அந்த 500 ரூபாயை ஜூன் மாதத்திலேயே ஆசிரியர் கையில் கொடுக்கலாம். காயலான் கடைச் செலவுக்கு அவர் எழுதித் தரும் சான்றே போதும் என்று விதி எழுதலாம். இருப்புப் பதிவேட்டில் ‘பிள்ளைகள் பயன்படுத்தித் தீர்ந்தது’ என்று ஒரு பத்தியும் சேர்க்கலாம்.