நாலு பெடல், நாலு கோளாறு

போன எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸில் அதிகமாக வந்த கேள்வி இதுதான்: "ப்ரோ, கிட்டார் இருக்கு, ஆம்ப்பும் வாங்கிட்டேன். அடுத்து என்ன பெடல் வாங்கணும்?"

பெடல்னா தெரியாதவங்களுக்கு: கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில், காலடியில் கிடக்கும் சின்னப் பெட்டி. மிதித்தால் ஒலி மாறும். இன்னொரு தடவை மிதித்தால் பழைய ஒலி திரும்பி வந்துவிடும்.

என் லிஸ்ட்டில் நாலுதான்: ஃபஸ், வா-வா, ஓவர்டிரைவ், டிலே. ஆனா இந்த நாலும் எங்கிருந்து வந்ததுன்னு தேடிப் போனப்போ, எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் கொஞ்சம் ஆடிப்போயிட்டான். நாலுக்கும் வேர் ஒரு கோளாறு, இல்லைன்னா ஒரு குறை.

முதலில் ஒரு சின்ன பாடம். கிட்டார் சிக்னல் அலை மாதிரி ஏறி இறங்கும். ஆம்ப் தாங்கும் உயரத்தை அது தாண்டினால், அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாகிவிடும். இதுக்குப் பேர் கிளிப்பிங். அப்படி வெட்டும்போது, மூல ஒலியில் இல்லாத புது அதிர்வெண்கள் சேர்ந்துவிடும். நம்ம காதில் விழும் கரகரப்பு அதுதான். அந்தக் காலத்து இன்ஜினியர்களுக்கு இது எப்படியாவது தவிர்க்க வேண்டிய ஒன்று.

ஆனா சில இசைக்கலைஞர்களுக்கு அது பிடித்துப்போனது. 1951-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 'ராக்கெட் 88' பாட்டைப் பதிவு செய்ய வந்த குழுவின் ஆம்ப், வரும் வழியிலேயே சேதமாகிவிட்டது. சாம் ஃபிலிப்ஸ் ஸ்பீக்கருக்குள் காகிதத்தைத் திணித்து, அப்படியே பதிவு செய்தார். 1958-ல் 'ரம்பிள்' பாட்டுக்காக லிங்க் ரே, ஸ்பீக்கர் கோனில் பென்சிலால் குத்தி ஓட்டை போட்டார். 1964-ல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ், ஸ்பீக்கரை பிளேடால் கீறிவிட்டார்.

கேட்க ஜாலியா இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க: கிழித்த ஸ்பீக்கரை மறுபடி நல்ல ஸ்பீக்கராக மாற்ற முடியாது. ஒரே பாட்டில் பாதி சுத்தமாகவும் பாதி கரகரப்பாகவும் வாசிக்கணும்னா?

அந்தக் கேள்விக்குப் பதில் நாஷ்வில் நகரிலிருந்து வந்தது. மார்ட்டி ராபின்ஸ் பாடிய 'டோன்ட் வொரி' பதிவு. 1961-ல் வெளியான பாட்டு. கிரேடி மார்ட்டின் ஆறு தந்தி பேஸ் கிட்டாரில் சோலோ வாசிக்கிறார். மிக்ஸிங் கன்சோலில் அவருடைய சேனல் பழுதாகி, பேஸ் ஒலி ஏதோ பெரிய வண்டு ரீங்காரம் போடுவது மாதிரி வருகிறது. வேறு சேனலுக்கு மாற்றி இன்னொரு டேக் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அந்த சோலோ அப்படியே வெளிவந்தது, பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடம் பிடித்தது.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். மற்ற கலைஞர்கள் "எங்களுக்கும் அந்த ஒலி வேணும்" என்று வரும்போது, அந்த சேனல் முழுசாகவே செத்துப்போயிருந்தது. அதாவது, நம்ம பாஷையில் சொன்னா, பக் இப்போ ரீப்ரொட்யூஸ் ஆகல! ஸ்டூடியோவின் ரெக்கார்டிங் இன்ஜினியர் கிளென் ஸ்னாடி சும்மா இருக்கவில்லை. செத்துப்போன அந்த ஒலியை டிரான்சிஸ்டர் சர்க்யூட்டில் திரும்ப உருவாக்கினார். அதை கிப்சன் நிறுவனத்திடம் கொண்டுபோனார். 1962-ல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் விற்பனைக்கு வந்தது.

விற்பனை? ஊத்திக்கிச்சு. கிட்டாரை டிரம்பெட் மாதிரியும் செல்லோ மாதிரியும் ஒலிக்க வைக்கும் கருவி என்றுதான் அதை விளம்பரம் செய்தார்கள். கடைகளில் தேங்கிக் கிடந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் அதே பெடலை 'சாட்டிஸ்ஃபாக்‌ஷன்' பாட்டில் மிதித்தார். அவர் மனதிலும் அது ஊதுகருவிகள் வர வேண்டிய இடத்துக்கு ஒரு தற்காலிக வரைவுதான். அந்த வரைவே ரிலீஸ் ஆச்சு. அதன்பின் ஃபஸ்-டோன் கடைகளில் விற்றுத் தீர்ந்தது.

அடுத்த ஆண்டு லண்டனில் ஃபஸ் ஃபேஸ் வந்தது. வட்டமான பெட்டி, உள்ளே வெறும் இரண்டு டிரான்சிஸ்டர்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்தது இதைத்தான். ஆரம்ப கால ஜெர்மேனியம் டிரான்சிஸ்டருக்கு வெப்பம் ஏறினால் குணமே மாறிவிடும். அதோடு, ஒரே மாடலில் இரண்டு வாங்கினாலும் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும் என்று சொல்ல முடியாது.

வா-வா கதை வேறு ரகம். இது செலவைக் குறைக்கப் போய்க் கிடைத்த வரம். 1966-ல் கலிஃபோர்னியாவின் தாமஸ் ஆர்கன் நிறுவனத்தில் பிராட் பிளங்கெட் என்ற இளம் இன்ஜினியரிடம், வாக்ஸ் ஆம்ப்பில் இருந்த விலை அதிகமான ஒரு ஸ்விட்சுக்குப் பதிலாக மலிவான திருகு குமிழ் போடும் வேலை வந்தது. கிட்டார் வாசிக்கும்போதே குமிழைத் திருகிப் பார்த்தால், ஒலி வாயைத் திறந்து மூடுவது போல "வா... வா..." என்கிறது! அந்தச் சர்க்யூட்டை ஆர்கன் வால்யூம் பெடலின் கூட்டுக்குள் வைத்தார்கள். நிறுவனம் முதலில் அதற்கு வைத்தது யார் பெயர் தெரியுமா? கிளைட் மெக்காய், ஒரு டிரம்பெட் கலைஞர். இங்கேயும் கிட்டார்காரர்கள்தான் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள்.

மூன்றாவது, ஓவர்டிரைவ். வால்வ் ஆம்ப் திணறும் ஒலி அழகுதான், ஆனா அதைத் திணற வைக்க வால்யூமைக் கன்னாபின்னாவென்று ஏற்றணும். அபார்ட்மெண்ட்டில் முடியுமா? பக்கத்து வீட்டு ஆன்ட்டி கதவைத் தட்டிடுவாங்க. 1970-களின் கடைசியில் ஜப்பானிலிருந்து வந்த ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர், அந்தத் திணறலைக் குறைந்த சத்தத்திலேயே தந்தது. உள்ளே இருப்பது 4558 வகை, சாதாரண மலிவு சிப். இன்று அதன் பழைய பிரதிகளைத் தேடி ஆயிரக்கணக்கில் செலவு செய்கிறார்கள்.

கடைசியாக, டிலே. 1969-ல் ஃபிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த 'பக்கெட் பிரிகேட்' சிப்பை வைத்துத்தான் அனலாக் டிலே பெடல்கள் வந்தன. தீ அணைக்க வரிசையாக நின்று வாளி மாற்றுவோமே, அப்படி சிக்னலைக் கைமாற்றி அனுப்பும். வழியில் கொஞ்சம் சிந்தும். அதனால் எதிரொலி மங்கலாக வரும். 1980-களில் டிஜிட்டல் டிலே வந்து அந்தக் குறையைத் தீர்த்தது. ஆனால் மங்கல் எதிரொலி பாட்டுக்கு இடைஞ்சல் பண்ணாமல் பின்னால் நிற்கும் என்பதால், பலர் பழையதையே இன்றும் வாங்குகிறார்கள்.

சரி, "எல்லா பக்கும் ஃபீச்சர்தான்" என்று சொல்ல வருகிறேனா? இல்லை. கன்சோல்கள் ஊரெங்கும் பழுதாகியிருக்கும். பெரும்பாலானவை வெறும் பழுதுதான். ஸ்னாடி செய்தது மூன்று வேலை: அந்த ஒலியைக் காது கொடுத்துக் கேட்டார், மறுபடி வரவைத்தார், வேண்டாதபோது நிறுத்த ஒரு ஸ்விட்ச் வைத்தார். அந்த ஸ்விட்ச் இல்லாதவரை அது கோளாறு. ஸ்விட்ச் வந்தபிறகு அது வாத்தியம்.

போன வருஷம் என் ஆம்ப்பில் ஒரு விநோதமான முனகல் வந்தது. லூஸ் சால்டர்தான். பத்து நிமிஷத்தில் சரி பண்ணிட்டு, ரொம்பப் பெருமையா மூடி வச்சேன். அது நல்ல ஒலியா, மட்டமானதான்னு இப்போ எனக்கே தெரியாது. ஏன்னா ரெக்கார்ட் பண்ணல.

ஆக, முதலில் எந்த பெடல்? ஓவர்டிரைவ் வாங்குங்க, வீட்டில் நிம்மதியா வாசிக்கலாம். இன்னொன்று: ஏதாவது பழுதானால், ஸ்க்ரூடிரைவரை எடுக்கும் முன்னாடி போனில் ரெக்கார்ட் பட்டனை அமுக்குங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்!